இருபத்து நான்கு கோடுகள்

அறுபத்து மூன்று புள்ளி நான்கு. எழுதியாயிற்று. அடுத்தது. வெர்னியர் அளவுகோலின் இரண்டு தாடைகளுக்கு நடுவே மிளகாய்ப் பழத்தைப் படுக்க வைக்க வேண்டும், காம்பு ஒட்டுகிற இடத்திலிருந்து நுனி வரைக்கும், அழுத்தக் கூடாது, அழுத்தினால் அரை மில்லிமீட்டர் குறைந்துவிடும். அளவு விஷயத்தில் நான் எவ்வளவு யோக்கியம் என்று இந்த ஆராய்ச்சி நிலையத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், தமயந்தி மேடம் அரை மில்லிமீட்டருக்கு அழுவாங்க என்று. ஐம்பத்தெட்டு புள்ளி ஒன்பது. ஒன்பது என்று எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்குகிறது, கவனிக்காத மாதிரி இருந்துகொள்கிறேன். மணி பதினொன்றே கால். பன்னிரண்டுக்குள் ஆவுடையப்பன் சாருக்கு அந்தக் குறிப்பைக் கொடுத்தாக வேண்டும். வெள்ளைத் தாள் காலை ஒன்பது மணியிலிருந்து பேப்பர் வெயிட்டுக்குக் கீழே கிடக்கிறது, மின்விசிறிக்கு ஓரம் மட்டும் படபடக்கிறது, நான் அதைப் பார்க்காமல் மிளகாய் அளந்துகொண்டிருக்கிறேன். இந்தப் பழங்களை இன்றைக்கே அளக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. நாளைக்கு அளந்தாலும் இதே நீளம்தான் இருக்கப்போகிறது. ஆனால் கை வேலையாக இருக்கும்போது மனசாட்சி கொஞ்சம் தள்ளி உட்காரும் என்று நினைத்தேன், அது என்னடாவென்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. ரெண்டே வரிம்மா, என்றார் சார் நேற்று சாயங்காலம். "செடியில நம்பர் அட்டை கட்டினதுல ஆள் தவறு, அதனால முடிவு பிசகிட்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நாளைக்கு மத்தியானத் தபால்ல தினக்கூலி ஆளுகளை நிரந்தரமாக்குத பட்டியல் போவுது. அஞ்சு பேரு. தப்புப் பண்ணவங்க பேரை நான் எப்படிம்மா மேல அனுப்ப முடியும்? அந்தப் பேச்சித்தாய் பேரை எடுத்துட்டு மத்த நாலு பேரை அனுப்பிருதேன்." அவர் கெட்ட மனுஷர் இல்லை. கெட்ட மனுஷராக இருந்தால் எனக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். நாற்பத்தொன்று புள்ளி இரண்டு. பார், பக்கத்துச் செடி, ஒரே குடும்பம், ஒன்று அறுபத்து மூன்று, ஒன்று நாற்பத்தொன்று. இந்த வயலில் எல்லாப் பழமும் நீளமாக இருந்திருக்க வேண்டும். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன், மேடையில் நின்று, திரையில் படம் காட்டி.

என்ன சொன்னேன். குண்டு மிளகாய்க்கும் நீள மிளகாய்க்கும் கல்யாணம் செய்து வைத்தேன், அந்தக் கல்யாணத்தில் பிறந்த பிள்ளைகளின் பிள்ளைகள் நூற்றிருபது செடி. ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு துளிர் இலையைக் கிள்ளி நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால், எந்தச் செடி உடம்பின் எந்த இடத்தில் குண்டுப் பாட்டனிடமிருந்து வாங்கியிருக்கிறது, எந்த இடத்தில் நீளப் பாட்டியிடமிருந்து வாங்கியிருக்கிறது என்று அவர்கள் ஒரு பட்டியல் அனுப்புவார்கள். நான் இங்கே உட்கார்ந்து பழத்தை அளக்க வேண்டும், நீளம், அகலம், காம்பு, சதைக் கனம், எடை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நீளம் என்ற குணம் எந்தக் குரோமோசோமில் எந்த முடுக்கில் குடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த வாசலில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டால் போதும், அதற்கு மார்க்கர் என்று பேர், பிறகு காய்க்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாற்றாக இருக்கும்போதே இது நீளம் காய்க்கும் இது காய்க்காது என்று பிரித்துவிடலாம், நான்கு மாதம் மிச்சம், தண்ணீர் மிச்சம், இந்தக் கரிசல் காட்டில் தண்ணீர் மிச்சம் என்றால் சும்மாவா. இதைப் பேச்சித்தாய் அக்காவிடம் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்து இப்படியே சொன்னேன், அவளும் வாயில் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டுவிட்டு, "காய் காய்ச்சா நீளமா குட்டையான்னு அதுவே சொல்லப்போகுது, அதுக்குள்ள அது வாயைப் புடுங்கி என்ன மேடம் அவசரம்" என்றாள். சிரித்தேன். இப்போது அது சிரிப்பாக இல்லை. காய் காய்த்தது, அதுவே சொல்லிவிட்டது. முப்பத்தெட்டு புள்ளி ஏழு.

தும்மல் வருகிறது. மூன்று வருடமாக மிளகாய் நடுவே உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் பழகவில்லை, தும்மி முடித்துக் கண்ணைத் துடைக்கப் போய், கை, கையை எடு தமயந்தி, மிளகாய் பிட்ட கை, மறந்து தொட்டுவிட்டேன், எரிகிறது. எரியட்டும். எரிந்தால் கொஞ்சம் நல்லதுதான் என்று ஒரு நினைப்பு வருகிறது, அது எவ்வளவு மலிவான நினைப்பு, கண்ணில் கொஞ்சம் மிளகாய் பட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா, பேச்சித்தாயின் பதினெட்டு வருட வேலைக்கு ஒரு சொட்டுக் கண்ணீர், அதுவும் மிளகாய்க் கண்ணீர். புறங்கையால் துடைக்கிறேன். கலங்கின கண்ணுக்குள் தட்டு தெரிகிறது. இதே தட்டு. இருபத்து நான்கு கட்டம், ஒரு கட்டத்துக்கு ஒரு செடியின் பத்துப் பழம். இந்தத் தட்டைக் கிட்டங்கியில் போட்டுவிட்டு வேறு தட்டு வாங்கச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஓரத்தில் நசுங்கின இடம் கட்டை விரலுக்குப் படுகிறது, ஒன்றரை வருடத்துக்கு முன் தரையில் விழுந்தபோது நசுங்கினது. விதி என்னவென்றால் ஒரு காகிதப் பையைத் திறந்து, அதிலுள்ள பத்துப் பழத்தை அளந்து, எழுதி, மூடின பிறகுதான் அடுத்த பையைத் திறக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு ஐந்து இருபது பஸ். அதை விட்டால் ஆறரைக்கு ஒன்று இருக்கிறது. வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லாமல் இல்லை, யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை, ஐந்து இருபதில் ஜன்னல் சீட் கிடைக்கும், அவ்வளவுதான். என் பாவத்துக்கு ஒரு கனமான காரணம்கூடக் கிடையாது. இருபத்து நான்கு பையையும் ஒரே மூச்சில் பிரித்துத் தட்டில் கொட்டி வரிசையாக அளந்தால் வேகம் என்று பிரித்தேன், மேசை ஓரத்தில் வைத்தேன், புடவைத் தலைப்போ முழங்கையோ, இன்றுவரை எதுவென்று தெரியாது, தட்டு போய்விட்டது. இருநூற்று நாற்பது மிளகாய் சிவப்புத் தரையில் சிவப்பாகச் சிதறி, சில அலமாரிக்கு அடியில் உருண்டு, அந்தச் சத்தம் அடங்கினபின் அறையில் நானும் மின்விசிறியும்தான்.

அப்போது என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும், முதல் வருட மாணவிக்குக்கூடத் தெரியும். அந்த இருபத்து நான்கு செடிக்கும் அளவு இல்லை என்று நோட்டில் கோடு போட வேண்டும். இருபத்து நான்கு சின்னக் கோடு. செடிகளை முந்தின வாரமே வேரோடு பிடுங்கிப் போட்டாயிற்று, மறுபடி பறிக்க வழியில்லை, அதனால் கோடு. சார் திட்டியிருப்பார், பாதி நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார், பிறகு டீ வரவழைத்திருப்பார். அந்தத் திட்டுக்குப் பயந்தேனா. இல்லை என்றுதான் நினைக்கிறேன். அலுப்பாக இருந்தது, அவமானமாக இருந்தது, தரையில் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்தேன், பொறுக்கும்போது ஒரு பழத்தைப் பார்த்தவுடன் இது நூற்று இரண்டு, இது தொண்ணூற்றைந்து என்று எனக்கே தெரிகிற மாதிரி இருந்தது, மூன்று மாதம் பார்த்த செடி இல்லையா என்று சொல்லிக்கொண்டேன். தெரியாத பழத்துக்கு மேசைமேல் ஆய்வகத்துப் பட்டியல் கிடந்தது. அதைத் தரைக்கு எடுத்துக்கொண்டது எப்போது? அது மட்டும் நினைவில் இல்லை, எவ்வளவு யோசித்தாலும் முதலில் பட்டியல் மேசைமேல் இருக்கிறது, அப்புறம் என் மடிமேல் இருக்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. பட்டியலில், நான் ஏற்கனவே கண் வைத்திருந்த மூன்றாவது குரோமோசோம் வரிசையில், நீளப் பாட்டி என்று போட்டிருந்த செடிகளுக்கு நீளப் பழம், குண்டுப் பாட்டன் என்று போட்டிருந்த செடிகளுக்குக் குட்டைப் பழம், இரண்டுங்கெட்டானுக்கு இரண்டுங்கெட்டான். இருபது நிமிடம். சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இங்கே யாரும் கேட்கவில்லையே. எல்லாம் அதனதன் கட்டத்தில் பாந்தமாகப் போய் உட்கார்ந்தது. அப்புறம் வெர்னியரை எடுத்து, அரை மில்லிமீட்டர் பிசகாமல், அழுத்தாமல், ஒவ்வொன்றையும் அவ்வளவு நேர்மையாக அளந்தேன். பஸ்ஸும் போய்விட்டது.

ஐம்பத்திரண்டு புள்ளி பூஜ்யம். அன்றைய அளவுகளைக் கம்ப்யூட்டரில் போட்டபோது மூன்றாவது குரோமோசோமில் மலை எழும்பியது. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒரு கோடு ஓடும், குணம் குடியிருக்கிற இடத்தில் கோடு மலையாக எழும்பும், மற்ற இடத்திலெல்லாம் மேடு பள்ளம். சார் எழுந்து வந்து என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்து, "அடேயப்பா" என்றார். அந்த அடேயப்பாவை நான் எவ்வளவு நாள் வைத்துக்கொண்டு தின்றேன். கட்டுரை வந்தது, கருத்தரங்கில் கைதட்டினார்கள், ஒரு சந்தன நிறச் சால்வை, ஒரு கண்ணாடிக் கேடயம், அது இதோ அலமாரிமேல் நிற்கிறது, தூசி தட்டுகிறவள் பேச்சித்தாய்தான். அன்றைக்கு எல்லோருக்கும் லட்டும் மிக்சரும் பங்கு வைத்தவளும் அவள்தான். "நம்ம மொளகாச் செடிக்கா மேடம் பரிசு? நான் அட்டை கட்டின செடிக்கா?" என்று கேட்டாள். ஆமாக்கா, என்றேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை, தோட்டத்து ஆட்கள் ஒவ்வொருவரிடமும் போய், நூத்தியிருவது அட்டையும் நான் கட்டினது என்று சொன்னாள். அதையேதான் இப்போது அவளுக்கு எதிராகச் சொல்கிறோம். அவளே சொன்னாளேம்மா, நூத்தியிருவதும் நான் கட்டினதுன்னு, என்கிறார் சார்.

அவள் அட்டை கட்டுகிற விதத்தை நான் பார்த்திருக்கிறேன். எண் எழுதின அட்டை நூலில் தொங்கும், காற்றில் திரும்பும், தலைகீழாகும். ஆறு ஒன்பதாகும், அறுபத்தாறு தொண்ணூற்றொன்பதாகும். கீழே கோடு போட்டு வைப்போம், மழையில் கோடு முதலில் அழியும். எல்லா நிலையத்திலும் இந்தக் கூத்து உண்டு, மிளகாய்க்காரர்கள் கூடினால் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள். பேச்சித்தாய்க்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. பல வருடத்துக்கு முன் யாரோ ஒரு அதிகாரி ஆறையும் ஒன்பதையும் மாற்றிவிட்டாள் என்று எல்லோர் முன்னாலும் அவளை ஏசியிருக்கிறார், அதிலிருந்து அவளாக ஒரு வழி வைத்துக்கொண்டாள். ஆறு வருகிற அட்டையின் நூலில் ஒரு முடிச்சு, ஒன்பது வருகிற அட்டையின் நூலில் இரண்டு முடிச்சு. முந்தின நாளே உட்கார்ந்து முடிச்சுப் போட்டுக் கொண்டு வந்துவிடுவாள், செடியில் கட்டும்போது விரலால் தடவிப் பார்ப்பாள், கண்ணால் பார்க்கவே மாட்டாள். "கண்ணு ஏமாத்தும் மேடம், வெரலு ஏமாத்தாது." மறுநாள் நான் வயல் நோட்டை எடுத்துக்கொண்டு செடி செடியாக நடந்தேன், நூற்றிருபது அட்டை, நூற்றிருபதும் சரி, ஒவ்வொன்றுக்கும் பச்சை மையில் டிக் போட்டேன். அந்த நோட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இந்த முழங்கை இருக்கிறதே, இதற்கு நேர் கீழே. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் ஒரு பூட்டுகூடப் போடாமல் ஓர் இழுப்பறையில் மறைத்திருக்கிறேன், யாரும் திறக்கவில்லை, ஏனென்றால் மேடம் அரை மில்லிமீட்டருக்கு அழுகிறவர்.

ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். மார்க்கர் பார்த்துப் பொறுக்கின நாற்றுகள் காய்த்தபோது கலந்து காய்த்தன, பாதி நீளம் பாதி குட்டை, மார்க்கர் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு நட்டிருந்தாலும் அப்படித்தான் காய்த்திருக்கும். வேண்டாம் என்று நாங்கள் கழித்து உரக்குழியில் கொட்டின நாற்றில் எத்தனை நல்லது போயிற்றோ. சார் இரண்டு நாள் தூங்கவில்லை. நான் இரண்டு நாள் தூங்காததற்குக் காரணம் வேறு, நான் யாருக்கும் தெரியாமல் அந்த இருபத்து நான்கு செடியை எடுத்துவிட்டு மிச்சத் தொண்ணூற்றாறை மட்டும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். மலை இல்லை. ஒரு மேடு, பக்கத்து மேடுகளுக்குக் கொஞ்சம் உசத்தி, அவ்வளவுதான். ஆக, எனக்குத் தெரியும். சந்தேகம் இல்லை, தெரியும். மறுநாள் காலையில் சார், "ஏம்மா, அட்டை மாறியிருக்குமோ? அந்தப் பேச்சித்தாய் ஆறையும் ஒம்பதையும் மாத்திக் கட்டியிருப்பாளோ? முன்னயும் ஒருக்கா மாத்தினவதானே" என்று கேட்டார், நான் வாயைத் திறந்தேன், இல்லை சார் என்று சொல்லத்தான் திறந்தேன், ஆண்டவன் சத்தியமாக அதற்குத்தான் திறந்தேன், "இருக்கலாம் சார்" என்று வந்தது. இருக்கலாம். பொய்கூட இல்லை பார், உலகத்தில் எதுவும் இருக்கலாம், விஞ்ஞானி இப்படித்தானே பேச வேண்டும், உறுதியாக எதையும் சொல்லக் கூடாது. ஒரு பொய்யாவது சொல்லியிருந்தால் பொய் சொன்னேன் என்று அழலாம். சார் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எனக்கும். வெட்கமாக இருக்கிறது, எனக்கும் அந்த நிமிஷம் நிம்மதியாகத்தான் இருந்தது.

பதினொன்று நாற்பது. தாளை எடுக்கிறேன். உண்மையை எழுதினால் என்ன ஆகும் என்று ஒருமுறை முழுசாக நினைத்துப் பார்த்துவிடலாம். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், விசாரணை வரும், சார் பேரும் கட்டுரையில் இருக்கிறது, அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிற மனுஷர், அவருக்கும் தலைகுனிவு. என் வேலை போகாது, ஆனால் இனி எந்தக் கூட்டத்தில் நான் எந்த எண்ணைச் சொன்னாலும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பேச்சித்தாய்க்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்று ஒரு குரல் சொல்கிறது, வேலையை விட்டா அனுப்புகிறார்கள், தினக்கூலியாக எப்போதும்போல வருவாள், பதினெட்டு வருடம் வந்தவள்தானே. இந்தக் குரல் யாருடையது, எவ்வளவு நயமாகப் பேசுகிறது. போன மாதம் அவள் ஸ்டூடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள், நிரந்தரமானால் அடையாள அட்டையில் ஒட்டுவதற்காம், தலையில் கனகாம்பரம், பயந்துபோன முழி. "நிரந்தரம்னா ஞாயித்துக்கெழமையும் சம்பளம் உண்டாமே மேடம்? சும்மா வீட்டுல இருக்கிறதுக்கா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள், யாரோ அவளிடம் விளையாடுகிறார்கள் என்றே நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை. நான் அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொள்கிறேன். சரி, எழுது. பேனா நன்றாகத்தான் எழுதுகிறது. செடிகளில் அட்டை கட்டியதில் நேர்ந்த ஆள் தவறு காரணமாக. என் கையெழுத்து எப்போதும் அழகு. முடிவுகளில் பிழை ஏற்பட்டிருக்கலாம். இங்கேயும் ஓர் இருக்கலாம். கையெழுத்து, தேதி. முடிந்தது.

"மேடம்."

வாசலில் பேச்சித்தாய். ஒரு நொடி யாரோ என்று பார்த்தேன், கண்ணாடி போட்டிருக்கிறாள். தடிமனான கறுப்புச் சட்டம், ஒரு பக்கம் விலை ஒட்டின காகிதம் இன்னும் இருக்கிறது. நிலைப்படியைக் காலால் துழாவி உள்ளே வருகிறாள். என்னக்கா இது, என்றேன், என் குரல் சாதாரணமாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

"கண்ணாடி மேடம். யூனியன் ஆபீஸ்ல கண்ணு கேம்பு போட்டாங்கல்லா, போயிருந்தேன். டாக்டரு கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு, வெள்ளெழுத்துகூட இன்னும் வரலையாம். நான் விடல. எப்படி நல்லாருக்கும், நூத்தியிருவது செடியில தப்பா கட்டியிருக்கேனேன்னு கேட்டேன். அவரு சிரிக்காரு. அதான் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு வாங்கிட்டேன்."

"அதைப் போட்டா தெரியுதா?"

"கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கு. பழகிட்டா சரியாயிரும்னு விக்கிறவன் சொன்னான்." கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டாள். "மேடம், எனக்கு வருத்தம் ஒண்ணுமில்ல. சாரு சொன்னாரு. பட்டியல்ல இல்லன்னா இல்ல, விடுங்க. ஆனா ஒண்ணு நெனைச்சா ஆறல. என்னால ஒங்க பேரு கெட்டுப்போச்சே. எவ்வளவு படிச்சு எவ்வளவு பாடுபட்டு கண்டுபிடிச்சீங்க. இந்தக் கையி கெடுத்திருச்சே." அந்தக் கையை விரித்துப் பார்த்தாள். "இனிமே முடிச்சுப் போட மாட்டேன் மேடம். ரெண்டு பேரு வாசிச்சுச் சொன்னாத்தான் கட்டுவேன்."

நான் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் பார்த்தாள். "சாருக்குக் குடுக்கணுமா? பன்னெண்டு ஆவப்போவுதே, குடுங்க, நான் குடுத்திருதேன்" என்று இரண்டு கையையும் நீட்டினாள், அவள் எப்போதும் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குத் தாள் கொண்டு போகிறவள்தான், நீட்டினால் கொடுத்துப் பழகின என் கை கொடுத்துவிட்டது. கசங்காமல் இருக்க நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு போனாள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இந்தக் கட்டிடத்திலிருந்து சார் அறைக்கு நான்கு படி இறங்கி முற்றத்தைக் கடக்க வேண்டும். பதினெட்டு வருடமாகத் தலையில் மூட்டையோடு, கையில் வாளியோடு, பார்க்காமலே இறங்குகிற படி. முதல் படியில் நின்றாள். கண்ணாடிக்குள்ளிருந்து குனிந்து பார்த்தாள். ஒரு காலை நீட்டிக் கட்டை விரலால் அடுத்த படி எங்கே இருக்கிறது என்று தேடினாள், கிடைக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடி தேடினாள். நல்ல கண். அவளுக்கு நல்ல கண், டாக்டரே சொல்லியிருக்கிறார்.

நாற்காலி பின்னால் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது, நான் ஓடினேன் என்பது ஓடின பிறகுதான் தெரிந்தது. "அக்கா, நில்லுங்க, இறங்காதீங்க!" காயப்போட்ட வத்தலைக் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், இந்த நிலையத்தில் நான் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. அவள் இரண்டாவது படியில் நின்று திரும்பினாள். எனக்கு மூச்சு வாங்கியது. "தட்டைக் கொட்டினது நான்" என்றேன்.

"எந்தத் தட்டு மேடம்?"

ஆமாம், எந்தத் தட்டு. அவளுக்குத் தட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாது. நான் ஒன்றரை வருடமாக நாள் தவறாமல் கவிழ்த்துக்கொண்டிருக்கிற தட்டு வேறு யாருக்கும் விழவே இல்லை. முதலிலிருந்து சொன்னேன், படியில் நின்றபடியே, பஸ், பை, தட்டு, தரை, பட்டியல், மடி, இருக்கலாம் சார், எல்லாவற்றையும் சொன்னேன். இழுப்பறையில் பச்சை டிக் இருக்கிறது என்பதையும் சொன்னேன். நடுவில் அழுகை வந்தது, அதை அடக்கிக்கொண்டு சொன்னேன், அழுதால் அவள் என்னைத் தேற்ற வந்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. நான் முடித்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றி மடக்கி இடுப்பில் செருகினாள். கேட்டாள்.

"அப்போ என் முடிச்சு சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சுக்கா. நூத்தியிருபதும்."

"ஒண்ணுகூட மாறலையா?"

"ஒண்ணுகூட."

அவள் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை, கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. வலது கைக் கட்டை விரலால் ஆட்காட்டி விரலை மெள்ளத் தடவிக்கொண்டிருந்தாள், நூலைத் தடவுகிற மாதிரி. "பத்து நாளா ஒலையில அரிசி போடறப்பகூட எத்தனை படின்னு மூணு தடவ எண்ணுதேன் மேடம். பஸ்ல ஏறுனா நம்பரை வேற ஆள்ட்ட கேட்டுட்டு ஏறுதேன். எம் மேலயே எனக்கு நம்பிக்கை போச்சு." என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். மன்னித்துவிட்டேன் என்றும் சொல்லவில்லை, போகட்டும் விடுங்க என்றும் சொல்லவில்லை, எதற்கும் விடுங்க மேடம் என்று சொல்கிறவள். நெஞ்சோடு பிடித்திருந்த தாளை எடுத்து என்னிடம் நீட்டினாள், ஒற்றைக் கையால்.

வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பி வந்தேன். அவளும் பின்னாலேயே வந்தாள், நிலைப்படியைப் பார்க்காமல் தாண்டி. நாற்காலியை நிமிர்த்திப் போட்டேன். எழுதின தாளைக் கிழித்தேன், புதுத் தாள் எடுத்தேன், இழுப்பறையைத் திறந்து வயல் நோட்டை மேசைமேல் வைத்தேன், அளவு நோட்டையும் அதன்மேல் வைத்தேன், அந்த இருபத்து நான்கு செடிக்கும் நேரே போட வேண்டிய கோடு இன்னும் பாக்கி. மணி பன்னிரண்டடிக்க எட்டு நிமிடம். தபால்காரன் ஒன்றரைக்குத்தான் வருவான், பட்டியலில் ஐந்து பேரும் போக நேரம் இருக்கிறது. பேனாவை எடுத்தேன். நீங்க போங்கக்கா, நான் எழுதி நானே சார்ட்ட கொண்டுபோய்க் குடுக்கிறேன், என்றேன்.

அவள் கதவில் சாய்ந்துகொண்டாள். "நீங்க எழுதுங்க மேடம். நான் இங்கனயே நிக்கேன்" என்றாள்.

தட்டு என் கையால் கவிழ்ந்தது என்று முதல் வரி எழுதினேன்.